அடகுக் கடைக்குப் போன வளையல்கள்

அமெரிக்க நாட்டில் மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய சிறு குடிசையொன்றில் 1809ஆம் ஆண்டு பிறந்த ஆபிரகாம் லிங்கன், 1861ஆம் ஆண்டு அந்நாட்டின் குடியரசுத் தலைவர் ஆனார். இவ்வரலாற்றை நம் பிள்ளைகள் பள்ளிப் பாடநூல்களில் படிக்கின்றனர். கட்டுரைப் போட்டிகளில் எழுதிப் பரிசும் பெறுகின்றனர். ஆனால் கடல் கடந்து செல்லாமலே, நமக்கு மிக அண்மையில், நம் மொழி பேசும் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் அத்தகைய வரலாறு ஒன்று நிகழ்ந்திருக்கிறது. இராமேசுவரம் பள்ளிவாசல் தெருவில் பிறந்து, புதுடெல்லிக் குடியரசுத் தலைவர் மாளிகையில் ஐந்தாண்டுகள் வீற்றிருந்த மர்ஹூம் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் வாழ்வே அது.

கலாம் அவர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஏவுகணைகளைப் பற்றி எழுதுகின்றனர். அவரைக் கனவு காணச் சொன்ன பெரியார் என்று மேடைகளில் புகழ்கின்றனர். அவ்வளவும் உண்மையே. எனினும் அந்த ஏவுகணைகளுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் தங்க வளையல்கள் இருந்தன என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? நம் இல்லங்களில் பேசப்பட வேண்டிய செய்தி அதுவேயாகும்.

பள்ளிவாசல் தெரு வீடு

1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் கலாம் பிறந்தார். தந்தையார் ஜைனுலாப்தீன், தாயார் ஆஷியம்மா. தந்தையாருக்குப் பெரிய பள்ளிப் படிப்பு இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. சுபுஹுத் தொழுகை முடித்து நான்கு மைல் தொலைவிலுள்ள தென்னந்தோப்புக்கு நடந்து சென்று, ஒரு டஜன் தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்பிய பின்னரே காலையுணவு உண்ணும் வழக்கம் உடையவர். ஊர்ப் பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றினார். படகு கட்டி யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றும் பிழைப்பு நடத்தினார். தாயாரோ, நாள்தோறும் குடும்பத்தாரைவிட அதிகமான விருந்தினருக்கு உணவு பரிமாறியவர்.

இரண்டாம் உலகப் போர் மூண்ட போது கலாமுக்கு வயது ஏறத்தாழ எட்டு. இராமேசுவரத்தில் இரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் இரயிலிலிருந்து செய்தித்தாள் கட்டுகள் வெளியே எறியப்பட்டன. அவற்றைப் பொறுக்கி எடுப்பதற்குச் செய்தித்தாள் முகவராக இருந்த உறவினர் சம்சுத்தீனுக்கு ஓர் உதவியாள் தேவைப்பட்டது. அவ்வேலையில்தான் கலாம் தம் வாழ்வின் முதற்கூலியைப் பெற்றார். அதற்கு முன் புளியங்கொட்டைகளைச் சேகரித்து விற்று நாளுக்கு ஓரணா ஈட்டியதையும் தம் வரலாற்றில் அவர் மறைக்காது எழுதியுள்ளார்.

தொடக்கப் பள்ளியில் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், கோயில் அர்ச்சகரின் மகனோடு ஒரே வரிசையில் முஸ்லிம் சிறுவன் அமர்வது தகாதெனக் கருதிக் கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அர்ச்சகர் இலட்சுமண சாஸ்திரிகள் அவ்வாசிரியரை நேரில் அழைத்துக் கண்டித்து, பிஞ்சு உள்ளங்களில் நஞ்சைத் தூவ வேண்டாம் என்று அறிவுறுத்தினார். ஆசிரியர் தம் தவற்றை உணர்ந்து திருந்தினார். அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் அச்சிறுவனைத் தம் வீட்டுக்கு உணவுண்ண அழைத்தார். அவர்தம் துணைவியார் பரிமாற மறுத்த போது தாமே பரிமாறி, அருகில் அமர்ந்து உண்டார். மறு வாரமும் அழைத்தார்; அம்முறை அந்த அம்மையாரே தம் கையால் உணவிட்டார். சினந்து பேசாமல் பொறுமையால் வென்ற ஆசிரியர் அவர்.

ஆயிரம் ரூபாய்

இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளியிலும், பின்னர்த் திருச்சி புனித வளனார் கல்லூரியிலும் பயின்று 1954ஆம் ஆண்டு இயற்பியலில் பட்டம் பெற்றார் கலாம். பட்டம் பெற்ற பின்னரே தம் உள்ளம் விழைவது பொறியியல் என்பதை உணர்ந்தார். சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. எனப்படும் தொழில்நுட்பக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் சேர்க்கைக் கட்டணம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். தந்தையாரால் அவ்வளவு பெருந்தொகையைத் திரட்ட இயலவில்லை.

அப்போதுதான் தமக்கை சுஹரா முன்வந்தார். தம் கையிலிருந்த தங்க வளையல்களையும் கழுத்துச் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் தந்தார். அவர்தம் கணவர் ஜலாலுத்தீனும் மைத்துனருக்கு உற்ற துணையாக நின்றவர். குடும்பச் சூழ்நிலையால் தம் படிப்பைத் தொடர இயலாமற் போனவர் அவர். எனினும் அத்தீவில் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவராக விளங்கிப் பலருக்கும் கடிதம் எழுதிக் கொடுத்தார். தமக்குக் கிட்டாத கல்வி மைத்துனருக்கேனும் கிட்ட வேண்டும் என்று விரும்பினார்.

ஆயிரம் ரூபாய் என்பது அக்காலத்தில் எத்தகைய தொகை? படிப்பை முடித்து 1958ஆம் ஆண்டு பாதுகாப்பு அமைச்சகத்தின் வானூர்திப் பிரிவில் பணியில் சேர்ந்த போது கலாமுக்குக் கிடைத்த அடிப்படை ஊதியம் மாதம் 250 ரூபாய். ஒரு பொறியாளரின் நான்கு மாத அடிப்படை ஊதியத்தை, வருவாய் ஏதும் இல்லாத ஓர் இல்லத்தரசி தம் உடலிலிருந்து கழற்றித் தந்தார் என்று கொள்ளலாம்.

தம் சொந்த உழைப்பால் அந்நகைகளை மீட்பேன் என்று தம்பி உறுதி பூண்டார். அதற்கு அவர் கண்ட ஒரே வழி, நன்றாகப் படித்து உதவித்தொகை பெறுவது. அவ்வுதவித்தொகைக்கும் ஒரு நாள் ஆபத்து வந்தது. விமான வடிவமைப்புத் திட்டமொன்றில் பின்தங்கியிருந்த கலாமைக் கண்டு பேராசிரியர் சீனிவாசன் கடிந்து கொண்டார். ஒரு மாதம் தவணை கேட்டவருக்கு மூன்றே நாட்கள் கொடுத்தார். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலைக்குள் வரைபடம் வந்து சேராவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவுணவையும் உறக்கத்தையும் துறந்து வரைபலகையின் முன் நின்றார். ஞாயிறன்று அறைக்குள் நுழைந்த பேராசிரியர் பணியைப் பார்வையிட்டு, மாணவரை மார்புறத் தழுவிக் கொண்டார். அவ்விரவுகளில் அம்மாணவரின் கண்முன் வானூர்தியின் வடிவம் மட்டுமா இருந்திருக்கும்? வெறுங்கையுடன் நின்ற தமக்கையின் தோற்றமும் இருந்திருக்கும் அன்றோ!

தும்பாவும் திப்புவின் ஓவியமும்

விமானப்படையில் விமானியாக வேண்டும் என்பது கலாமின் பேராவல். டேராடூனில் நடந்த தேர்வில் 25 பேருள் ஒன்பதாவதாக வந்தார்; தேர்ந்தெடுக்கப்பட்டவர்களோ எட்டுப் பேர். ஓர் இடத்தில் தவறிய அந்த வாய்ப்பு, அவரை வேறொரு பெரும்பாதைக்குத் திருப்பி விட்டது.

நம் நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் ஏறினால் இரண்டு மணி நேர அளவில் திருவனந்தபுரம். அதனை அடுத்த கடற்கரைச் சிற்றூர் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அவ்வூரை ஒட்டிச் செல்வதால், மேல்வளி மண்டல ஆய்வுக்கு அது மிக ஏற்ற இடம் என்று அறிஞர்கள் கண்டனர். டாக்டர் விக்ரம் சாராபாய் அவர்களின் வேண்டுகோளை ஏற்று ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் அவ்வூர் மீனவ மக்களும் தங்கள் புனித மரிய மதலேனாள் தேவாலயத்தையும் குடியிருந்த நிலத்தையும் நாட்டுக்காக விட்டுக் கொடுத்தனர். தேவாலயக் கட்டடமே அலுவலகம் ஆயிற்று. ஏவூர்திப் பகுதிகள் மிதிவண்டியில் கொண்டு செல்லப்பட்ட காலம் அது. 1963ஆம் ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் முதல் ஆய்வு ஏவூர்தி தும்பாவிலிருந்து விண்ணேகியது. அமெரிக்கத் தயாரிப்பான அவ்வேவூர்தியின் பகுதிகளை ஒன்றிணைக்கும் பொறுப்பும் பாதுகாப்புப் பொறுப்பும் கலாமுடையவை.

அதற்குமுன் பயிற்சிக்காக அவர் அமெரிக்கா அனுப்பப்பட்டார். வழியனுப்ப ஜலாலுத்தீனும் சம்சுத்தீனும் பம்பாய் வரை வந்தனர். அங்கே வாலப்ஸ் தீவிலுள்ள நாசா நிலையத்தின் வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியம் அவர் கண்ணில் பட்டது. போர்க்களப் பின்னணியில் ஏவூர்திகள் பறக்கின்றன. அவற்றை ஏவுவோர் வெள்ளையர் அல்லர், தென்னாட்டு வீரர்கள். அருகில் சென்று நோக்கினார். ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட திப்பு சுல்தானின் படையை அவ்வோவியம் காட்டிற்று! 1799ஆம் ஆண்டு சீரங்கப்பட்டணத்தில் ஷஹீதான அம்மாவீரரை, ஏவூர்திப் போர்முறையின் முன்னோடியாக அமெரிக்கர் தம் நிலையத்தில் போற்றி வைத்திருந்தனர். அவர்தம் நாட்டினரோ அதனை மறந்திருந்தனர். இவ்வேதனையைக் கலாம் தம் நூலில் பதிவு செய்துள்ளார்.

தோல்வியும் வெற்றியும்

இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவூர்தியான எஸ்.எல்.வி.-3 திட்டத்திற்குக் கலாம் தலைமை ஏற்றார். அத்திட்டம் உருவாகி வந்த ஆண்டுகளில் ஜலாலுத்தீன் மறைந்தார். 1976ஆம் ஆண்டு தந்தையாரும் தம் 102ஆம் வயதில் காலமானார். தாயாரும் அவரைத் தொடர்ந்தார். துயரங்களைத் தாங்கிக் கொண்டு உழைத்தவருக்கு 1979ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் கிடைத்தது தோல்வியே. ஏவூர்தி வங்கக் கடலில் வீழ்ந்தது. அன்று செய்தியாளர்களை எதிர்கொண்டு பொறுப்பைத் தாமே ஏற்றவர், விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோள் வெற்றியுடன் நிலைநிறுத்தப்பட்ட போது, செய்தியாளர்களைச் சந்திக்குமாறு அவர் கலாமை அனுப்பினார். தோல்வியைத் தலைவர் சுமக்க வேண்டும். வெற்றியைத் தொண்டர்க்கு வழங்க வேண்டும் என்னும் இப்பாடத்தைக் கலாம் வாழ்நாளெல்லாம் மாணவர்களுக்கு எடுத்துரைத்தார். குடும்பத் தலைவர்களும் ஜமாஅத் நிர்வாகிகளும் நெஞ்சில் பதிக்க வேண்டிய பாடம் இது.

பின்னர் ஐதராபாத்தில் ஏவுகணைத் திட்டத்திற்குத் தலைமை. 1989ஆம் ஆண்டு மே மாதம் அக்கினி ஏவுகணை. 1997ஆம் ஆண்டு பாரத ரத்னா விருது. 1998ஆம் ஆண்டு பொக்ரான் அணு வெடிப்புச் சோதனையில் முக்கியப் பங்கு. 2002ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் இந்தியக் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். ஜாகிர் உசேன், பக்ருத்தீன் அலி அகமது ஆகியோருக்குப் பின் அப்பதவிக்கு வந்த மூன்றாவது முஸ்லிம் அவர்.

மாளிகைக்குள் ஓர் ஏழை வீட்டின் நேர்மை

கலாம் சிறுவராக இருந்த போது தந்தையார் ஊராட்சி மன்றத் தலைவரானார். ஒரு நாள் யாரோ ஒருவர் பட்டு வேட்டியும் பழங்களும் இனிப்புகளும் அடங்கிய தட்டை அவர் இல்லாத வேளையில் வீட்டில் வைத்துச் சென்றார். இல்லம் திரும்பிய தந்தையார், அதை வாங்கி வைத்ததற்காக மகனை அடித்து விட்டார். பிறகு அருகில் அழைத்து, பதவியில் இருப்போருக்கு வரும் அன்பளிப்பின் பின்னே ஒரு நோக்கம் ஒளிந்திருக்கும் என்றும், அத்தகைய அன்பளிப்பை மார்க்கம் விலக்கியுள்ளது என்றும் விளக்கினார்.

அந்த அடி வீண் போகவில்லை. 2006ஆம் ஆண்டு கலாமின் உறவினர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் டெல்லி சென்று குடியரசுத் தலைவர் மாளிகையில் சில நாட்கள் தங்கினர். அவர்களின் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் ஆன செலவு மூன்றரை இலட்சம் ரூபாய் அளவில் வந்தது. அவ்வளவையும் தம் சொந்தப் பணத்திலிருந்து காசோலையாகச் செலுத்தினார் கலாம். அவருடைய செயலாளராக இருந்த பி.எம். நாயர் இதனைப் பதிவு செய்துள்ளார்.

பதவியேற்ற ஆண்டின் ரமளான் மாதம் வந்தது. வழக்கம்போல் மாளிகையில் இஃப்தார் விருந்து அளிக்க வேண்டும். வரப் போகிறவர்கள் எல்லாரும் வசதி படைத்தவர்கள். வயிறு நிறைந்தவர்களுக்கே மீண்டும் உணவிடுவானேன் என்று வினவினார் கலாம். விருந்துக்குரிய தொகை அநாதை இல்லங்களுக்கு உணவுப் பொருட்களாகவும் போர்வைகளாகவும் சென்று சேர்ந்தது. அரசுப் பணத்தால் மட்டும் அறம் செய்வது போதாதென்று தம் சொந்தப் பணத்திலிருந்தும் ஒரு இலட்சம் ரூபாய் கொடுத்தார்.

குறை கூறப்பட்ட இடங்கள்

மனிதர் எவரும் குறைக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 2005ஆம் ஆண்டு மே மாதம் பீகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் அமைச்சரவைப் பரிந்துரைக்கு, மாஸ்கோப் பயணத்தில் இருந்தவாறே கலாம் ஒப்புதல் அளித்தார். அக்கலைப்பு அரசமைப்புக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் பின்னர்த் தீர்ப்பளித்தது. அதனால் மனம் வருந்தித் தாம் பதவி விலக முனைந்ததை அவரே எழுதியுள்ளார். தம்மிடம் வந்த கருணை மனுக்களில் பெரும்பாலானவற்றின் மீது முடிவு எடுக்காமலே பதவிக் காலத்தை நிறைவு செய்தார் என்னும் குறையும் உண்டு.

2011ஆம் ஆண்டு நவம்பரில் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பார்வையிட்டு, அது பாதுகாப்பானது என்று கருத்துரைத்த போது, இடிந்தகரையிலும் நம் குமரிக் கடற்கரையிலும் போராடி வந்த மீனவ மக்கள் மனம் புண்பட்டனர். அவர்களின் அச்சம் அறியாமையால் மட்டும் எழுந்ததன்று. நாட்டுக்காகத் தும்பா மீனவர் வீட்டையே விட்டுக் கொடுத்ததை நேரில் கண்டவர், இடிந்தகரை மீனவர்தம் கேள்விகளுக்கு இன்னும் நெடுநேரம் செவி சாய்த்திருக்கலாம் என்று எண்ணுவோர் இன்றும் உளர். நம் சமுதாயத்திலும், அவர் வீணை மீட்டியதையும் பிற சமய நூல்களைப் பயின்றதையும் சுட்டி வினா எழுப்பியோர் இருந்தனர். உள்ளங்களை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. நாம் கற்க வேண்டியது அவர்தம் வாழ்விலிருந்த உழைப்பையும் தூய்மையையும்.

நம் வீட்டு நகைப் பெட்டி

இனி நம் நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். 1874ஆம் ஆண்டு இடலாக்குடியில் பிறந்து, 1907ஆம் ஆண்டு சென்னையில் ஒரே வேளையில் நூறு பொருள்களில் கவனம் செலுத்திச் சதாவதானி எனப் புகழ் பெற்ற செய்குத்தம்பிப் பாவலரை ஈன்ற மண் இது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்திற்கு 2018ஆம் ஆண்டு தலைவரான கே. சிவன் சரக்கல்விளையைச் சேர்ந்தவர். 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அப்பொறுப்பை ஏற்ற வி. நாராயணன் மேலக்காட்டுவிளையைச் சேர்ந்தவர். இருவரும் சிற்றூரில் தமிழ் வழியில் பயின்றவர்கள். ஆகவே நம் மண்ணில் அறிவுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் உள்ள நம் இல்லங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெண் பிறந்த நாள் முதல் சிறுகச் சிறுகச் சேர்க்கும் தங்கம் எதற்காக? நிக்காஹ் நாளுக்காக. அத்தங்கம் எப்போது அடகுக் கடைக்குப் போகிறது? மகனை வளைகுடா நாட்டுக்கு அனுப்ப, வீடு கட்ட, மற்றொரு மகளின் திருமணச் செலவுக்கு. கல்லூரிக் கட்டணத்துக்காகப் போவது அரிது. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகப் போவது அதனினும் அரிது. சபுர் சென்றவர் அனுப்பும் பணத்தால் பல குடும்பங்கள் தலை நிமிர்ந்தன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மேலும் படிக்க ஆசைப்பட்ட பிள்ளையைப் பள்ளியிறுதி வகுப்போடு நிறுத்தி அனுப்பிய போது, அவனுள் உறங்கிய அறிஞனையும் சேர்த்து அனுப்பி விட்டோம் அல்லவா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சுஹராவின் தியாகத்தைப் போற்றுகிறோம். ஆனால் அத்தகைய தியாகம் மீண்டும் தேவைப்படும் நிலையில் ஒரு சமுதாயம் இருக்கலாமா? அடகுக் கடையின் படிக்கட்டு என்பது வட்டியின் படிக்கட்டு. மார்க்கம் தடுத்த அப்படியில் நம் சகோதரிகள் ஏறி இறங்குவதை மஹல்லாக்கள் பார்த்துக் கொண்டிருக்கலாகாது. வட்டியில்லா அழகிய கடனை வலியுறுத்திய மார்க்கம் நம்முடையது. ஓதுமாறு பணித்த கட்டளையே முதல் வஹீயாக இறங்கப் பெற்ற சமுதாயம் நாம். ஒவ்வொரு ஜமாஅத்தும் பைத்துல்மாலில் கல்விக்கெனத் தனி நிதி ஒதுக்கட்டும். கல்லூரி சேர்க்கை நடைபெறும் மாதங்களில் ஆணென்றும் பெண்ணென்றும் பாராமல் கட்டணத்தை வட்டியில்லாக் கடனாக அளிக்கட்டும். படித்து வேலையில் அமர்ந்தவர் அதனைத் திருப்பிச் செலுத்தட்டும். அப்பணம் அடுத்த பிள்ளைக்குச் செல்லும். வசதியுள்ளோர் ஒரு திருமணத்தின் ஆடம்பரத்தில் ஒரு பகுதியைக் குறைத்தாலே ஒரு பிள்ளையின் ஓராண்டுப் படிப்புக்கு வழி பிறக்கும்.

2007ஆம் ஆண்டு ஜூலை 25ஆம் நாள் மாளிகையை விட்டு வெளியேறிய கலாம், ஓய்வு கொள்ளவில்லை. மாணவரைத் தேடியே சென்றார். 2015ஆம் ஆண்டு ஜூலை 27ஆம் நாள் ஷில்லாங் நகரில் மாணவர்களிடையே உரையாற்றிக் கொண்டிருந்த போதே சரிந்து வீழ்ந்தார். அன்றே அவர் உயிர் பிரிந்தது. மூன்றாம் நாள் இராமேசுவரம் பேக்கரும்பில் நல்லடக்கம் செய்யப்பட்டார். திருமணம் புரியாத அவருக்கு மக்கள் இல்லை, மாளிகை இல்லை. அவர் விட்டுச் சென்றவற்றுள் பெரும்பங்கு நூல்களே.

அந்த வளையல்கள் இன்று எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியதில்லை. அவை ரோகிணியாகி விண்ணைச் சுற்றி வந்தன. இன்று இரவு உங்கள் வீட்டு நகைப் பெட்டியைத் திறக்கும் போது, பக்கத்து அறையில் விளக்கெரிய அமர்ந்து படிக்கும் பிள்ளையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். அப்பிள்ளை மகளாக இருந்தால், இன்னும் சற்று நேரம் பாருங்கள்.

மர்ஹூம் கலாம் அவர்களுக்கும், அவரை உருவாக்கிய அக்குடும்பத்தாருக்கும் வல்ல அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக! ஆமீன்.